யாரிடம் பாடம்?
கர்ட்டிஸும் ஜூலியார்டும்: ஓர் ஒப்பாய்வு

கர்நாடக சங்கீத மேடையில் ஓர் இளங்கலைஞரை அறிமுகப்படுத்தும்போது குருவின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. யாரிடம் பாடம், அந்தக் குரு யாருடைய சிஷ்யர் என்று தெரிந்துவிட்டால் ரசிகருக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். அதே ரசிகர் வீட்டுப் பிள்ளை பியானோவையோ வயலினையோ மேற்கத்திய முறையில் கற்று, அதையே தொழிலாகக் கொள்ள ஆசைப்பட்டால் நம் கேள்வி மாறிவிடுகிறது. உலகத்திலேயே பெரிய இசைக் கல்லூரி எது, எங்கே இடம் கிடைத்தால் பெயர் வரும் என்று விசாரிக்கத் தொடங்குகிறோம்.

சென்னையில் இந்த விசாரணை இப்போது புதிதல்ல. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி, மேற்கத்திய இசையை முழுநேரப் படிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை இங்கே உண்டாக்கியது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தாண்டும் பிள்ளைகளில் சிலர் அடுத்து வெளிநாட்டைப் பார்க்கிறார்கள். அப்போது முதலில் காதில் விழும் பெயர்களில் இரண்டு, நியூயார்க்கின் ஜூலியார்டும் பிலடெல்பியாவின் கர்ட்டிஸும். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால், ஒரு மாணவரின் நாட்களை இவை அமைக்கும் விதத்தில் பெரிய தூரம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தக் கன்சர்வேட்டரியை எடைபோடவும் அளவுகோல் கிடைக்கும்.

இரண்டு கொடைகள், இரண்டு பாதைகள்

ஜூலியார்டின் வேர் 1905இல் இருக்கிறது. இசை கற்க அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய நிலை மாற வேண்டும் என்று ஃபிராங்க் டாம்ராஷ் நியூயார்க்கில் ஓர் இசைக்கலை நிறுவனத்தைத் தொடங்கினார். துணி வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்த அகஸ்டஸ் ஜூலியார்ட் 1919இல் இறந்தபோது, தம் செல்வத்தில் பெரும்பகுதியை இசைக்கென எழுதிவைத்திருந்தார். அந்த அறக்கட்டளை 1924இல் ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கியது. 1926இல் இரண்டும் இணைந்தன.

அதே 1924இல்தான் பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் திறக்கப்பட்டது. பத்திரிகை அதிபர் சைரஸ் கர்ட்டிஸின் மகள் மேரி லூயிஸ் கர்ட்டிஸ் பாக், தந்தையின் பெயரில் அதை நிறுவினார். இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கியும் பியானோ மேதை யோசெஃப் ஹோஃப்மனும் அவருக்கு யோசனை சொன்னவர்கள். அவர் ஒதுக்கிவைத்த மூலநிதி 1.25 கோடி டாலர். 1928இல் கல்விக் கட்டணம் அடியோடு எடுக்கப்பட்டது. அன்று முதல் அங்கே சேரும் எவரும், எந்த நாட்டவரானாலும், கல்விக் கட்டணம் கட்டியதில்லை.

இதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு திசையில் நடந்தன. ஜூலியார்ட் வளர்ந்துகொண்டே போனது. 1951இல் நடனம் வந்தது, 1968இல் நாடகம் வந்தது. 1969இல் கலை வளாகமான லிங்கன் சென்டருக்குக் குடிபெயர்ந்தது. 2001இல் ஜாஸ், 2009இல் பழங்கால இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் பிரிவு, 2020இல் சீனாவின் தியான்ஜினில் ஒரு கிளை என்று அதன் எல்லை விரிந்தது. கர்ட்டிஸ் வேண்டுமென்றே சிறிதாக நின்றுகொண்டது. ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துப் பழைய மாளிகைகளே இன்றும் அதன் முதன்மைக் கட்டடங்கள். 2011இல் திறந்த லென்ஃபெஸ்ட் கூடம்தான் பெரிய சேர்க்கை.

நூற்றைம்பது பேரும் எண்ணூறு பேரும்

கர்ட்டிஸில் மொத்த மாணவர்கள் ஏறக்குறைய நூற்றைம்பது, நூற்றறுபது பேர். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவுக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர். அதற்கு மேல் பியானோ, ஆர்கன், கிட்டார், குரலிசை, இசையாக்கம், நடத்துகை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் பேர். ஒரு நாற்காலி காலியானால்தான் அடுத்தவருக்கு இடம். டியூபா வாசிக்கும் மாணவர் அந்த ஆண்டு படிப்பை முடிக்கவில்லையென்றால், எவ்வளவு திறமையோடு வந்தாலும் புதிய டியூபா மாணவருக்கு அங்கே இடமில்லை.

ஜூலியார்டின் கல்லூரிப் பிரிவில் நடனமும் நாடகமும் சேர்த்து எண்ணூறுக்கு மேற்பட்டோர் படிக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இசைக்குழுக்கள், ஜாஸ் குழுக்கள், ஓபரா, முனைவர் பட்டம் வரை படிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு என்று அது ஒரு தனி ஊர்.

சேர்க்கை இரண்டிலும் கடினம். கர்ட்டிஸில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கைந்து பேருக்கு இடம் கிடைக்கும். ஜூலியார்டிலும் பத்துப் பேருக்குக் குறைவுதான். இதைக் கேட்டதும் கர்ட்டிஸ்தான் உயர்ந்தது என்று தோன்றும். அப்படி முடிவுகட்டக் கூடாது. சிறிய இடத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். புதன்கிழமை பிற்பகலில் மாளிகையின் பொது அறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடித் தேநீர் அருந்துவது நிறுவனரின் காலத்திலிருந்து வரும் வழக்கம். பத்து வயதுப் பிள்ளையும் இருபத்தைந்து வயது இளைஞரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கலாம், ஏனென்றால் சேர்க்கைக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. இந்த நெருக்கம் ஒரு பிள்ளையைத் தூக்கிவிடும். இன்னொரு பிள்ளைக்கு எந்நேரமும் கவனிக்கப்படுகிறோம் என்ற பாரமாகிவிடும். பெரிய இடத்தில் ஒதுங்கவும் தேடவும் இடமுண்டு, தொலைந்துபோகவும் இடமுண்டு. பிள்ளையின் இயல்பைப் பெற்றோர் நேர்மையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆசிரியர்தான் கல்லூரி

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். இவான் கலாமியன் என்ற வயலின் ஆசிரியர் 1944இல் கர்ட்டிஸிலும் 1946இல் ஜூலியார்டிலும் சேர்ந்து, 1981இல் இறக்கும்வரை இரண்டிலும் கற்பித்தார். ஹைமே லரேடோவும் ஆர்னால்ட் ஸ்டைன்ஹார்ட்டும் அவரிடம் கர்ட்டிஸ் மாணவர்களாகப் படித்தார்கள். இட்ஸாக் பெர்ல்மனும் பிங்கஸ் சுகர்மனும் ஜூலியார்ட் மாணவர்களாகப் படித்தார்கள். சான்றிதழில் கல்லூரிப் பெயர் வேறு. கையில் ஏறிய பாடம் ஒன்று.

அந்தப் பாடம் எப்படி இருந்தது? மன்ஹாட்டனின் மேற்கு 73ஆம் தெருவில் இருந்த தம் வீட்டிலேயே கலாமியன் சொல்லிக்கொடுப்பார். காலையிலிருந்து மாலைவரை மணிக்கு ஒரு மாணவர். ஒரே சுரவரிசையை மூன்று ஸ்தாயியில், தாள அளவு துளியும் மாறாமல், ஒரு வில்லுக்கு இரண்டு சுரம், மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். நம் பிள்ளைகள் வரிசைகளை மூன்று காலத்தில் பாடிப் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் உடனே விளங்கும். வேகம் கூடும்போது ஒலி மெலியக் கூடாது, வில் தடுமாறக் கூடாது. கோடையில் அவர் நடத்திய மெடோமவுன்ட் பள்ளியில், நாள் முழுக்கச் சாதகம். அறைக்குள்ளிருந்து வாசிப்புச் சத்தம் வருகிறதா என்று நடைவழியில் நடந்து கேட்பார்கள்.

அவருக்கு உதவியாளராக இருந்தவர் டோரதி டிலே. ஜூலியார்டில் 1948 முதல் கற்பித்தவர். அவருடைய வழி நேர் எதிர். கட்டளை இடுவதைக் குறைத்துக் கேள்வி கேட்பார். இந்த இடத்தில் இசையமைப்பாளர் எதை விரும்பியிருப்பார், உன் காதுக்கு எது சரியாகப் படுகிறது என்று மாணவரையே யோசிக்க வைப்பார். மிடோரி, கில் ஷாஹம், சாரா சாங் ஆகியோர் அவரிடம் வளர்ந்தவர்கள். 1970 வாக்கில் அவர் கலாமியனிடமிருந்து பிரிந்து தனி வழி கண்டார். ஒரே கல்லூரி, ஒரே வாத்தியம், இரண்டு ஆசிரியர்கள். ஒருவரிடம் தழைக்கும் மாணவர் மற்றவரிடம் வாடிப்போகக்கூடும். ‘ஜூலியார்டில் வயலின் எப்படி?’ என்ற கேள்விக்கு அன்றும் ஒரே பதில் இருக்கவில்லை, இன்றும் இருக்க முடியாது.

கர்ட்டிஸிலும் இதே கதைதான். பியானோ கலைஞர் கேரி கிராஃப்மன் ஏழு வயதில் அங்கே மாணவராகச் சேர்ந்தவர். மேடையில் புகழோடு இருந்தபோது 1979இல் வலது கை விரல்கள் ஒத்துழைக்க மறுத்தன. அதன் பிறகு இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்ட படைப்புகளை வாசித்துக்கொண்டே கர்ட்டிஸில் ஆசிரியரானார், 1986 முதல் இருபது ஆண்டுகள் அதை வழிநடத்தினார். லாங் லாங்கும் யூஜா வாங்கும் பதினைந்து வயதில் வந்து சேர்ந்தது அவரிடம்தான். இருவரின் வாசிப்பையும் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். ஒருவர் மற்றவரைப் போல வாசிப்பதில்லை, இருவரும் கிராஃப்மனைப் போலவும் வாசிப்பதில்லை. நல்ல ஆசிரியரின் அடையாளம் அதுதான்.

கர்ட்டிஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கறாராக வரையறுப்பதில்லை. தயாராகிவிட்டார் என்று ஆசிரியர் கருதும்வரை படிக்கலாம். வயலின் கலைஞர் ஹிலரி ஹான் 1990இல், பத்து வயதில் சேர்ந்தார். அவருடைய ஆசிரியர் யஷா பிராட்ஸ்கிக்கு அப்போது எண்பது வயது கடந்துவிட்டது. பதினாறு வயதிலேயே பட்டத்துக்கான தேவைகளை முடித்த ஹான், விருப்பப் பாடங்கள் படிப்பதற்காகவே பத்தொன்பது வயதுவரை அங்கே தங்கினார். அவசரப்படுத்தாத ஓரிடத்தில் மட்டுமே இது நடக்கும்.

மேடையும் ஊரும்

இசை கற்பவருக்கு மேடைதான் பரீட்சை. கர்ட்டிஸில் பருவம் முழுக்கத் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் மாணவர் கச்சேரி நடப்பது நெடுநாள் மரபு. அனுமதி இலவசம். ஃபீல்ட் கூடத்தில் இருநூற்றுச் சொச்சம் இருக்கைகள். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு படைப்பு கைக்கு வந்துவிட்டதென்று தோன்றினால் மாணவர் பெயர் கொடுத்து வாசிக்கலாம். நூற்றைம்பது பேர் மட்டுமே இருப்பதால் முறை சீக்கிரம் வரும். இசைக்குழுவிலும் பின்வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களில் பலர் பிலடெல்பியா இசைக்குழுவில் வாசிப்பவர்கள். அந்த இசைக்குழுவின் கணிசமான உறுப்பினர்கள் கர்ட்டிஸில் படித்தவர்கள். குழுவில் உட்கார்ந்து வாசிக்கும் கலையை இவ்வளவு நேரடியாகக் கையளிக்கும் இடம் வேறு அரிது.

ஜூலியார்டின் பலம் அதன் வாசலில் தொடங்குகிறது. மெட்ரோபாலிடன் ஓபராவும் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கும் நடந்துபோகும் தூரத்தில். மாலையில் சாதகத்தை முடித்து, எதிர்க் கட்டடத்தில் உலகின் முதல்தரக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, திரும்பவும் சாதக அறைக்குப் போகலாம். உள்ளே நடனக்காரர்களும் நாடகக்காரர்களும் இருப்பதால், நடனத்துக்கு இசையமைக்க விரும்பும் மாணவருக்கு ஆட ஆள் பக்கத்து அறையிலேயே கிடைப்பார்.

ஊரே பாடமாகிவிடுவதற்குப் புகழ்பெற்ற சாட்சி ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1944இல் ஜூலியார்டில் படிக்க நியூயார்க் வந்தார். பகலில் வகுப்பு, இரவில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரைத் தேடி ஜாஸ் மன்றங்கள். அடுத்த ஆண்டே கல்லூரியை விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியதைச் சொல்லித்தர அன்றைய ஜூலியார்டில் பாடத்திட்டம் இல்லை. ஜாஸ் பிரிவு வர இன்னும் ஐம்பத்தாறு ஆண்டுகள் இருந்தன. இருந்தாலும் அந்த ஊருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது ஜூலியார்ட்தான். இன்று அங்கே ஜாஸ் பிரிவு வலுவாக இருக்கிறது. கர்ட்டிஸில் இன்றும் ஜாஸ் இல்லை, இசை ஆய்வில் முனைவர் படிப்பும் இல்லை. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். தான் எதைச் செய்யப்போவதில்லை என்று தெளிவாக அறிந்த நிறுவனம் அது. ஆனால் மாணவர் அதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பணம் என்னும் பாடம்

இசைக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தின் விலையைப் பின்னால் கொடுப்பவர் மாணவர்தான்.

ஜூலியார்டில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும், நம் கணக்கில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல். நான்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். நியூயார்க்கில் தங்கிச் சாப்பிடும் செலவு இதில் சேராது. பெரும்பாலான மாணவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் உதவித்தொகை கிடைக்கிறது. கோவ்னர் உதவித்தொகை கிடைத்த சிலருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாமே அதில் அடங்கிவிடும். ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். சேர்க்கைக் கடிதத்தைக் கொண்டாடுவதற்கு முன் உதவித்தொகைக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

கர்ட்டிஸில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் சில வருடாந்தரக் கட்டணங்களும் தங்குமிட, உணவுச் செலவும் உண்டு. அமெரிக்க மாணவர் விசாவுக்கு முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை இரண்டு இடத்துக்கும் காட்டியாக வேண்டும். அப்படியும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இசைக்கலைஞரின் முதல் பத்தாண்டு வருமானம் சீரற்றது. இசைக்குழுவில் ஓர் இடம் காலியானால் அதற்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் போட்டியிடுவது வழக்கம். ஆடிஷனுக்குப் போகும் பயணச் செலவு வாசிப்பவருடையது. தொழில்முறைக்கு ஏற்ற வயலினும் வில்லும் பல லட்சம் ரூபாய். இந்தக் காலத்தில் கல்விக் கடனின் மாதத் தவணை கழுத்தை நெரித்தால், நல்ல வாய்ப்புக்காகப் பொறுத்திருக்கும் தெம்பு போய்விடும். கிடைத்த வேலையில் ஒதுங்க வேண்டிவரும். கடன் இல்லாமல் வெளியே வரும் மாணவருக்கு மறுப்புச் சொல்லும் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரமும் கல்வியின் ஒரு பகுதிதான்.

பெயரின் மதிப்பையும் இங்கேயே அளந்துவிடலாம். அமெரிக்க இசைக்குழுக்களில் ஆடிஷனின் முதல் சுற்றுகள் திரைக்குப் பின்னால் நடக்கின்றன. வாசிப்பவருக்கு ஓர் எண் மட்டுமே. காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம்கூட விரிப்பார்கள். திரைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கல்லூரிப் பெயர் தெரியாது, ஒலி மட்டும் கேட்கும்.

அடைபட்ட கதவு

இரண்டு நிறுவனங்களையும் தொட்டுச் சென்ற ஒரு வாழ்க்கையைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. வட கரோலினாவின் ட்ரையன் என்ற சிற்றூரில் பிறந்த யூனிஸ் வேமன் என்ற கறுப்பினச் சிறுமியின் பியானோப் படிப்புக்கு ஊர்க்காரர்கள் நிதி திரட்டினார்கள். 1950 கோடையில் அவர் ஜூலியார்டில் படித்தார், கர்ட்டிஸ் ஆடிஷனுக்குத் தயாராவதற்காக. 1951இல் கர்ட்டிஸ் அவரை ஏற்கவில்லை. நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர் 1945இலேயே அங்கே பட்டம் பெற்றிருந்தார் என்பதும் உண்மை. அந்தக் காலத்து அமெரிக்காவில் யூனிஸின் சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது என்பதும் உண்மை.

அதன் பின் கர்ட்டிஸ் ஆசிரியர் ஒருவரிடமே அவர் தனியாகப் பாடம் கேட்டார். அதற்குப் பணம் வேண்டி அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். வீட்டாருக்குத் தெரியாமலிருக்க வைத்துக்கொண்ட பெயர் நினா சிமோன். பாடகியாக உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான். 2003இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு கர்ட்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

சில நிமிட வாசிப்பைக் கேட்டு ஒரு குழு சொல்லும் தீர்ப்பு, ஒருவருடைய இசையின் மீதான இறுதித் தீர்ப்பு ஆகாது. ஆடிஷனுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

யாருக்கு எது?

இரண்டும் கிடைக்கக்கூடிய ஒரு மாணவர் கேட்டால் என் பதில் இது. வாத்தியம் தீர்மானமாகிவிட்டது, தனிக்கச்சேரியோ சிம்பொனி இசைக்குழுவோதான் வாழ்க்கை என்று தெளிவாகிவிட்டது, கைத்திறமையும் வயதை மீறி முன்னே நிற்கிறது என்றால் கர்ட்டிஸ். அதைவிட நல்ல பயிற்சியை இவ்வளவு குறைந்த பணச்சுமையில் தரும் இடம் அமெரிக்காவில் அபூர்வம். ஜாஸ், பழங்கால வாத்தியம், நடனம் அல்லது நாடகத்தோடு சேர்ந்த இசை, மேற்படிப்பு என்று பாதை கிளைக்கிறது, அல்லது எந்தப் பாதை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் ஜூலியார்ட், அதுவும் உதவித்தொகை கணிசமாகக் கிடைத்தால் மட்டும். முழுக் கட்டணத்தையும் கடனாக வாங்கி ஜூலியார்ட் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பெயருக்கு அவ்வளவு விலை இல்லை.

இந்த இரண்டும் கிடைக்காத மாணவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். அவர்களுக்கும் அளவுகோல் இதுவே. எட்டாம் கிரேடில் சிறப்புத் தேர்ச்சி என்பது கன்சர்வேட்டரி ஆடிஷனுக்குத் தொடக்கம் மட்டுமே என்பதைப் புரிந்துகொண்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே தயாராகுங்கள். கல்லூரிப் பட்டியலுக்கு முன் ஆசிரியர் பட்டியலைப் போடுங்கள். அவருடைய மாணவர்கள் வாசித்த பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்களா, ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் இருக்கிறதா என்று கவனியுங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு பாடம் கேட்க முடியுமா என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். அப்படி எழுதுவது அங்கே வழக்கமானதுதான், பலர் நேரிலோ இணையவழியிலோ ஒரு மணி நேரம் தருவார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவரே சொல்லித்தருவார், எத்தனை மணி நேரம் உதவியாளர் என்று கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை மேடையேறலாம் என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் படிப்பை முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியில் நான்காண்டுச் செலவை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைக்கும் இடம் வியன்னாவாகவும் இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம், சென்னையாகவும் இருக்கலாம். அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே பிள்ளையை அனுப்புங்கள்.